கண்ணைக் கட்டி, காதை அடைத்து: பிடிஎஸ்எம் உறவில் புலன் மறைப்பைப் பாதுகாப்பாகச் செய்வது எப்படி?

கேள்வி இதுதான்: வயது வந்த இருவர், மனம் ஒத்த உறவு. கட்டுதல், கட்டளை போன்றவை (இவற்றைத்தான் பிடிஎஸ்எம் என்கிறார்கள்) ஓரளவு பழக்கம். இப்போது ஒருவருடைய பார்வையையும் கேட்கும் திறனையும் கொஞ்ச நேரம் மறைத்துப் பார்க்க ஆசை. எங்கே தொடங்குவது, எவ்வளவு நேரம், என்னென்ன தவறாகப் போகலாம்?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை கண் மட்டும். 10 முதல் 15 நிமிடம். கை கால் கட்டக் கூடாது. சாய்ந்து உட்கார்ந்த நிலை அல்லது பக்கவாட்டில் படுத்த நிலை. துணை அந்த அறையை விட்டு ஒரு நொடியும் நகரக் கூடாது. இது நன்றாக அமைந்த பிறகுதான் காது. அதற்கும் பிறகுதான் கட்டு. வாயை மறைப்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அது இல்லாமலேயே பல ஆண்டுகள் இதைச் செய்கிறவர்கள் உண்டு, அவர்களுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இனி விரிவாக. எளிதாக இருக்க, மறைப்பவரை நடத்துபவர் என்றும் மறைக்கப்படுபவரை ஏற்பவர் என்றும் சொல்கிறேன்.

இந்த விளையாட்டில் ஆபத்து இருட்டிலோ அமைதியிலோ இல்லை. இருட்டு யாரையும் கொல்லாது. ஏற்பவரிடமிருந்து எந்தப் புலனை எடுக்கிறோமோ, அந்தப் புலன் அதுவரை செய்துவந்த காவல் வேலையும் அதோடு போய்விடுகிறது. கண் போனால் தடுக்கி விழாமல் காத்த வேலை போகிறது. காது போனால் புகை அலாரமும் "சரியா இருக்கியா?" என்ற கேள்வியும் எட்டாது. வாய் போனால் "நிறுத்து" என்ற சொல் போகிறது. நேர உணர்வு தானாகவே கலைந்துவிடும். ஆகவே எதை எடுக்கிறீர்களோ அதன் வேலையை நடத்துபவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்க முடியாத வேலைக்குரிய புலனை எடுக்கக் கூடாது. கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு விதியிலிருந்து வருபவைதான்.

மூளை என்ன செய்கிறது

1950களின் தொடக்கத்தில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஹெப் குழுவினர் மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 20 டாலர் கொடுத்து, மங்கலான கண்ணாடி, கையுறை, அட்டை உறை அணிவித்துக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். சும்மா படுத்திருக்க நல்ல கூலி. ஆனாலும் பெரும்பாலோர் இரண்டு மூன்று நாள்களுக்கு மேல் தாங்கவில்லை. பலருக்கு இல்லாத உருவங்கள் தெரிந்தன. ஒரு கணக்கை மனத்தில் முழுதாகப் போட முடியவில்லை. 1954இல் ஜான் லில்லி அமெரிக்காவில் உப்புநீர்த் தொட்டிகளின் முன்னோடியான தனிமைத் தொட்டியை அமைத்தபோது வேறு படம் கிடைத்தது: தானாக விரும்பி, எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம் என்ற உறுதியோடு போகிறவர்களுக்கு அதே வெறுமை ஓய்வாக அமையலாம்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். அனுபவத்தைத் தீர்மானிப்பவை கால அளவும் வெளியேறும் வழியும்தான். இதன் கோரமான மறுபக்கமும் வரலாற்றில் உண்டு. 1971இல் வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் அதிகாரிகள் கைதிகள் மீது பயன்படுத்திய "ஐந்து உத்திகளில்" முகத்தை மூடுவதும் தொடர் இரைச்சலும் இருந்தன. கூடவே சுவர் பார்த்து நிற்கவைத்தல், தூக்கம் மறுத்தல், உணவு மறுத்தல். 1978இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதை மனிதத்தன்மையற்ற, இழிவான நடத்தை என்று தீர்ப்பளித்தது. இருட்டும் இரைச்சலும் பொதுவாகவே இருக்க, அதற்கும் படுக்கையறைக்கும் உள்ள வேறுபாடு சம்மதம், கால அளவு, நிறுத்தும் அதிகாரம் ஆகிய மூன்று மட்டுமே. இவற்றில் ஒன்று கழன்றாலும் நீங்கள் செய்வது விளையாட்டாக இராது.

நடைமுறைக்கு வருவோம். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் அமர்வில் பெரிய மாயத்தோற்றங்கள் வருவது வழக்கமில்லை. ஆனால் ஒளித்துளிகள், வடிவங்கள், யாரோ பக்கத்தில் இருப்பது போன்ற உணர்வு, தன் உடல் நீண்டுவிட்டது அல்லது மிதக்கிறது என்ற உணர்வு ஆகியவை சிலருக்கு 15 நிமிடத்திலேயே வரும். இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எதிர்பார்த்த விசித்திரம் சுவையாக இருக்கும். எதிர்பாராதது பீதியைக் கிளப்பும்.

முதலில் பேச வேண்டியவை

ஆடையோடு, மேசையில், பகல் வெளிச்சத்தில் பேசுங்கள். எந்தெந்தப் புலன், எவ்வளவு நேரம், அந்த நேரத்தில் தொடலாமா, எங்கே தொடலாம், பாலுறவு உண்டா இல்லையா என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சம்மதம் வேண்டும். "கண்ணைக் கட்டிக்கொள்ளச் சம்மதம்" என்பது "கண் கட்டியிருக்கும்போது எதையும் செய்யச் சம்மதம்" ஆகாது. இது பலருக்கும் தெரியும். தெரிந்தும் நழுவும் இடம் ஒன்று உண்டு: நடுவில் புதிதாக ஒன்றைக் கேட்பது. புலன் மறைந்து கிறங்கிய நிலைக்குப் போனவர் எதற்கும் "ம்" என்பார். அந்த "ம்"முக்கு மதிப்பில்லை. அமர்வின் நடுவில் திட்டத்திலிருந்து குறைக்கலாம், கூட்டக் கூடாது.

படம், காணொளி பற்றித் தனியாகப் பேசுங்கள். கண் கட்டியிருப்பவரால் கேமராவைப் பார்க்க முடியாது. அதனால் முன் அனுமதி இல்லாமல் போனைக் கையில் எடுத்தாலே நம்பிக்கை துரோகம்தான். மூன்றாம் ஆள் அறைக்குள் வருவதும் அப்படியே.

உடல்நலக் கேள்விகளில் வெட்கப்படாதீர்கள். மனப்பிறழ்வு நோய் முன்பு இருந்திருந்தால் இதைத் தொடவே வேண்டாம். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், இருட்டான, எதிரொலியற்ற அறையில் 15 நிமிடம் இருந்த ஆரோக்கியமானவர்களிலேயே, அப்படிப்பட்ட அனுபவங்களுக்கு இயல்பாகச் சாய்வுள்ளவர்களுக்குக் காட்சித் திரிபுகள் கூடுதலாக வந்தன. வலிப்பு, இதயநோய், கர்ப்பம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். நீரிழிவு இருந்தால் முன்னதாகச் சர்க்கரை அளவைப் பாருங்கள், இனிப்பு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். மூக்கடைப்பு, காதுவலி உள்ள அன்று தள்ளிப்போடுங்கள். மது, போதை, தூக்க மாத்திரை எடுத்த அன்று இருவரில் யாருக்குமே அனுமதியில்லை. இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

பீதித் தாக்குதல் வந்த பழக்கமோ பழைய வன்முறையின் வடுவோ இருப்பவர்கள் இதைச் செய்யவே கூடாது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அவர்களுடைய கை சுதந்திரமாக இருக்க வேண்டும். கண்கட்டைத் தானே கழற்ற முடிய வேண்டும். எந்த வாசனை, எந்தச் சொல், எந்தத் தொடுகை பழையதைக் கிளறும் என்று முன்பே கேளுங்கள். கண் மூடியிருக்கும்போது ஒரு வாசனைக்கு இருக்கும் பலம் கண் திறந்திருக்கும்போது இருப்பதில்லை.

கண்

உள்ளே குழிந்த, மெத்தென்ற தூக்க முகமூடிதான் சிறந்தது. கண்ணிமை உள்ளே அசைய இடம் இருக்கும், விழியில் அழுத்தம் விழாது. அழுத்தம் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்றால், விழியை அழுத்தினால் அனிச்சையாக இதயத்துடிப்பு குறையும். சிலருக்குத் தலைசுற்றி மயக்கமே வரலாம். கட்டியவுடனேயே ஏற்பவருக்குப் பளிச்சென்ற வண்ணக் கோலங்கள் தெரிந்தால் அது ஆன்மிக அனுபவமல்ல, கட்டு இறுக்கம். தளர்த்துங்கள்.

துணியால் கட்டுவதென்றால் மென்மையான பருத்தித் துணியை அகலமாக மடித்து, முடிச்சை நெற்றிப்பொட்டுக்கு மேலே பக்கவாட்டில் போடுங்கள். பின்னந்தலையில் முடிச்சு இருந்தால் சாய்ந்ததும் குத்தும், பத்தாவது நிமிடத்தில் கவனம் முழுவதும் அங்கேயே போய்விடும். கான்டாக்ட் லென்ஸை முன்பே கழற்ற வேண்டும். ஒட்டும் டேப்பை முகத்தில் நேரடியாக ஒட்டாதீர்கள். கண்ணில் அண்மையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ, கண்ணழுத்த நோய் இருந்தாலோ கட்டு வேண்டாம். அறையை இருட்டாக்கினாலே போதும்.

நின்ற நிலையில் கண் கட்டுவது பார்ப்பதற்கு அழகாக இருக்கலாம், செய்வதற்கு மோசம். நாம் நிமிர்ந்து நிற்பது பார்வை, உள்காது, பாதம் மற்றும் மூட்டுகளின் உணர்வு ஆகிய மூன்றும் சேர்ந்து செய்யும் வேலை. கண்ணை எடுத்தால் உடல் ஆடும். காதில் இரைச்சல் சேர்ந்தால் திசையும் குழம்பும். கை பின்னால் கட்டியிருந்தால் விழும்போது முகம்தான் முதலில் தரையைத் தொடும். நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் கையை அவிழ்த்துவிடுங்கள். நீங்கள் அரை அடி முன்னே நடங்கள், அவர் உங்கள் முழங்கைக்கு மேல் பிடித்துக்கொண்டு பின்னே வரட்டும். தோளைப் பிடித்துத் தள்ளி நடத்துவது தலைகீழான முறை.

காது

நுரை காதடைப்பான் மலிவு, பயனும் அதிகம், ஆனால் பெரும்பாலோர் தவறாக வைக்கிறார்கள். மெல்லிய குச்சி போல உருட்டி, மறுகையால் காதின் மேல்நுனியை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தால் காதுக்குழாய் நேராகும். அப்போது நுழைத்து, 20 முதல் 30 நொடி விரலால் பிடித்திருக்க வேண்டும். உள்ளே நுரை விரிந்து அடைத்துக்கொள்ளும். வால்பகுதி வெளியே தெரிய வேண்டும். எடுக்கும்போது மெதுவாகத் திருகி எடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகிச் செவிப்பறை வலிக்கும்.

அதன்மேல் தொழிற்சாலைகளில் போடும் காதுமூடியும் போட்டால் அமைதி இரட்டிப்பாகும் என்று நினைப்பார்கள். இரண்டும் சேர்ந்தால் நல்லதாக இருக்கும் ஒன்றைவிட ஏறத்தாழ 5 டெசிபெல்தான் கூடும். காரணம், ஒலியின் ஒரு பகுதி மண்டையோட்டு எலும்பு வழியாகவே உள்காதுக்குப் போகிறது. எவ்வளவு அடைத்தாலும் தன் இதயத்துடிப்பும் எச்சில் விழுங்கும் ஓசையும் கேட்கும். முழு அமைதியைத் துரத்த வேண்டாம். அது கிடைக்காது, தேவையும் இல்லை.

இன்னொரு வழி, ஹெட்ஃபோனில் மழையோசை போன்ற சீரான இரைச்சல். அமைதியைவிட இது வெளியுலகை நன்றாக மறைக்கும். ஆனால் இங்குதான் காது கெடும். 85 டெசிபெல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம்தான் கேட்கலாம் என்பது வேலையிடப் பாதுகாப்புக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் 15 நிமிடம்தான் மிஞ்சும். போனில் ஒலியை முழுதாகத் திருப்பினால் 100ஐத் தொட்டுவிடலாம். சாதாரணப் பேச்சு அளவான 60 டெசிபெல்லே போதும். நடத்துபவர் முதலில் தானே அணிந்து, முழு நேரமும் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒலி எங்கே முடிகிறது, அடுத்து எது தானாக ஓடும் என்று தெரிந்துவிடும். இணையத்தில் நேரடியாக ஓடவிட்டால் நடுவில் விளம்பரம் அலறும். இருட்டில் இருப்பவருக்கு அது அறைந்தது போல இருக்கும். ஒலிக் கோப்பை முன்பே பதிவிறக்கம் செய்துவைத்து, ஹெட்ஃபோன் இணைந்த போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். அவசரத்துக்கு அழைக்க வேறு போன் வேண்டும், அது சார்ஜோடு உங்களிடம் இருக்கட்டும்.

உடல், கட்டு, வெப்பம்

புலன் மறைப்போடு கட்டும் சேரும்போது கணக்கு மாறுகிறது. வழக்கமாகக் கட்டும்போது விரல் மரத்துப்போனால் ஏற்பவரே சொல்லிவிடுவார். இங்கே அவர் மிதந்துகொண்டிருப்பார். மரத்ததையும் அந்த மிதப்பின் பகுதியாக எடுத்துக்கொள்வார். ஆகவே நீங்கள்தான் சோதிக்க வேண்டும். கட்டுக்கும் தோலுக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். மேற்கையின் வெளிப்பக்கம், முழங்கையின் உட்புறம், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கத்து எலும்பு முனை ஆகிய மூன்று இடங்களிலும் நரம்பு தோலுக்கு அருகில் ஓடுகிறது. அங்கே கயிறோ பட்டையோ விழக் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விரல்களை விரிக்கச் சொல்லுங்கள், மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லுங்கள், பாதத்தை மேல்நோக்கி மடக்கச் சொல்லுங்கள். காது அடைத்திருந்தால் உள்ளங்கையில் ஒரு முறை தட்டினால் "விரலை விரி" என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளலாம்.

நிறத்தைப் பார்த்து மட்டும் ஏமாறாதீர்கள். கை நீலமாகிக் குளிர்ந்தால் இரத்த ஓட்டம் தடைபட்டிருக்கிறது. ஆனால் நரம்பு நசுங்கும்போது கை வெதுவெதுப்பாக, நல்ல நிறத்தோடே இருக்கும். மணிக்கட்டு மட்டும் தூக்க வராது. இந்த இரண்டாவது வகைதான் வாரக்கணக்கில் நீடிக்கக்கூடியது. உடனே அவிழ்க்க வேண்டும். பலவீனம் போகாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

பிளாஸ்டிக் தாளால் உடலைச் சுற்றுவது பலருக்குப் பிடித்தமானது. அதில் எதிரி வெப்பம். வியர்வை ஆவியாகாததால் உடலால் தன்னைக் குளிர்விக்க முடியாது. சுற்றும்போது ஏற்பவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருக்கட்டும். நிற்கவைத்துச் சுற்றிவிட்டுப் பிறகு படுக்கவைக்கும் அந்த ஒரு நொடியில்தான் விழுவார்கள். மார்பைச் சுற்றும்போது மூச்சை நன்றாக உள்ளிழுத்து வைத்திருக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பிறகு முழு மூச்சு விட இடமிருக்காது. கழுத்தையும் முகத்தையும் தொடவே வேண்டாம். முழங்கால்களுக்கும் கணுக்கால்களுக்கும் இடையே துணி வையுங்கள். முன்னதாகத் தண்ணீர், கழிப்பறை. முதல் முறை 20 நிமிடம் போதும். முகம் சிவப்பது, குமட்டல், நாடி வேகமாவது, பதில் குழறுவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் வெட்டுங்கள். வெட்ட, முனை மழுங்கிய முதலுதவிக் கத்தரி வேண்டும். சமையலறைக் கத்தி வேண்டாம். கத்தரி எங்கோ அலமாரியில் இருந்தால் இல்லாததற்குச் சமம். பூட்டு பயன்படுத்தினால் இரண்டு சாவி, இரண்டும் வெவ்வேறு இடத்தில்.

மாறாக, கட்டில்லாமல் அசையாது கிடப்பவர்க்கு விரைவில் குளிரும். ஒரு போர்வை பக்கத்தில் இருக்கட்டும்.

வாயும் மூச்சும்

கண், காது, வாய், கை நான்கையும் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். ஏற்பவரிடம் செய்தி சொல்ல ஒரு வழியாவது மிஞ்ச வேண்டும். வாய்க்கட்டு போட்டால் மல்லாந்து படுக்கவைக்க வேண்டாம், எச்சில் தொண்டையில் இறங்கிப் புரையேறும். பக்கவாட்டில் படுக்கட்டும். வாயை மறைத்தால் மூக்கு மட்டுமே மூச்சு வழி. அன்று லேசான ஜலதோஷம் இருந்தாலும் கூடாது. வாந்தி வந்தால் நொடியில் கழற்ற முடிய வேண்டும்.

முழுத் தலையையும் மூடும் உறை என்றால் மூக்கும் வாயும் திறந்த வகை மட்டும். காற்றுப் புகும் துணியாக இருந்தாலும் வியர்வையிலோ எச்சிலிலோ நனைந்தால் காற்று புகாது. கழுத்தில் முடிச்சோ நாடாவோ இறுகக் கூடாது. பிளாஸ்டிக் பை எந்த வடிவத்திலும் இல்லை. மூச்சைக் குறைப்பது, கழுத்தை அழுத்துவது ஆகியவற்றுக்குப் பாதுகாப்பான முறை என்று ஒன்று கிடையாது. அதைப் புலன் மறைப்போடு சேர்த்தால், மயங்கப் போகும் அறிகுறிகளைக் காட்டுவதற்கான வழிகள் எல்லாம் ஏற்கெனவே மூடப்பட்டிருக்கும். கை பின்னால் கட்டி, குப்புறப் படுக்கவைப்பதும் இதே வகையில் மூச்சைத் தடுக்கும்.

சைகைகள்

பேச முடிகிற வரை பச்சை, மஞ்சள், சிவப்பு என்ற மூன்று சொல்லே போதும்: தொடரலாம், குறைக்க வேண்டும், நிறுத்து. வாய் மறைந்தால் கையில் ஒரு சாவிக்கொத்து, நழுவவிட்டால் நிறுத்து. இது புத்தகத்தில் நன்றாக இருக்கும். நடைமுறையில் சாவி மெத்தையில் சத்தமில்லாமல் விழும், யாரும் கவனிக்க மாட்டார்கள். கையைக் கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, கீழே ஒரு உலோகத் தட்டை வையுங்கள். ஏற்பவர் தளர்ந்துபோய்த் தெரியாமல் நழுவவிட்டாலும் நிறுத்திக் கேளுங்கள். பொய் அலாரத்தால் இழப்பு ஒன்றுமில்லை. அறையில் நீங்கள் சத்தமாகப் பாட்டு வைக்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதே இல்லை, ஆனாலும் வைக்கிறார்கள்.

மூன்றாவது சைகை நடத்துபவரிடமிருந்து வர வேண்டும், இதுதான் முக்கியமானது. ஆழமான நிலைக்குப் போனவர்கள் பலர் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்வதில்லை. சொல்லத் தோன்றாது, அல்லது ஏமாற்றிவிடுவோமோ என்று தயங்குவார்கள். எனவே மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கையை இரண்டு தடவை அழுத்துங்கள். ஐந்து நொடிக்குள் இரண்டு அழுத்தம் திரும்ப வர வேண்டும். வராவிட்டால் இன்னொரு முறை. அப்போதும் வராவிட்டால் காதைத் திறந்து பெயர் சொல்லிக் கேளுங்கள். சும்மா இருப்பதைச் சுகமாக இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லாச் சைகையையும் கண் திறந்திருக்கும்போது இரண்டு முறை ஒத்திகை பாருங்கள்.

அறையில் இருப்பது

தண்ணீர் எடுக்கப் போவது, கதவைத் திறக்கப் போவது, "இரண்டே நிமிடம்" எல்லாம் கூடாது. தனியாக விட்டுவிட்டார் என்ற உணர்வை உண்டாக்குவது சிலருக்கு விளையாட்டின் பகுதி. முன்பே பேசியிருந்தால் கதவைத் திறந்து மூடி, போனது போலக் காட்டி, உள்ளேயே மூன்றடி தூரத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கலாம். உண்மையில் போகக் கூடாது. கடிகாரம் நடத்துபவர் கண்ணுக்குத் தெரியும்படி ஓட வேண்டும். ஏற்பவருக்கு 10 நிமிடம் அரை மணியாகவோ மூன்று நிமிடமாகவோ தெரியலாம். "இன்னும் கொஞ்சம்" என்று அவர் கேட்டாலும் பேசிய நேரத்தில் முடியுங்கள். அடுத்த முறை ஐந்து நிமிடம் கூட்டிக்கொள்ளலாம். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: நேரம் கூடினால் புதிய புலன் வேண்டாம், புதிய புலன் சேர்ந்தால் நேரத்தைக் குறையுங்கள். அப்போதுதான் ஏதாவது பிசகினால் எதனால் என்று தெரியும்.

பீதி வந்தால்

மூச்சு வேகமாகவும் மேலோட்டமாகவும் ஆவது, உடல் விறைப்பது, அழுத்தத்துக்குப் பதில் வராமல் போவது, வழக்கமில்லாத அழுகை ஆகியவை அறிகுறிகள். முகத்தில் உறை இருந்தால் முதலில் அது. இல்லாவிட்டால் முதலில் காது. ஹெட்ஃபோன் ஒரு நொடியில் வந்துவிடும், உங்கள் குரல் உள்ளே போகும். பெயர் சொல்லுங்கள், "நான் இங்கேதான் இருக்கேன், முடிஞ்சுது, கட்டை எடுக்கிறேன்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே கண், பிறகு கட்டு. அவிழ்க்க நேரமானால் வெட்டுங்கள். கயிற்றின் விலையைப் பார்க்கும் நேரமல்ல. விளக்கைப் பளீரென்று போடாதீர்கள், இறுகக் கட்டிப்பிடிக்காதீர்கள், கேட்டுவிட்டுத் தொடுங்கள். மூச்சை வெளியே விடுவதை நீளமாக்கச் சொல்லுங்கள். அறையில் தெரியும் பொருள்களைப் பெயர் சொல்லச் சொன்னால் சிலருக்கு விரைவில் தெளியும். "இப்ப சரியாயிட்டேன், தொடரலாம்" என்று அவரே சொன்னாலும் அன்றைக்கு அவ்வளவுதான்.

மயக்கம், நெஞ்சுவலி, வலிப்பு, தெளியாத குழப்பம் என்றால் வெட்டி எடுத்து, மூச்சு இருந்தால் பக்கவாட்டில் படுக்கவைத்து, ஆம்புலன்ஸை அழையுங்கள். மூச்சு இல்லையென்றால் அழைத்த கையோடு மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்குங்கள். என்ன செய்தோம், எவ்வளவு நேரம் கட்டியிருந்தது என்பதை மருத்துவக் குழுவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர்களுக்குத் தேவை அந்தத் தகவல்தான், உங்கள் விளக்கம் அல்ல.

முடிப்பது, அதற்குப் பிறகு

சாதாரணமாக முடிக்கும்போது அவசரமே கூடாது. அறை வெளிச்சத்தை முன்பே குறைத்துவிடுங்கள். இருட்டுக்குப் பழகிய கண் 20, 30 நிமிடத்தில் மிகவும் கூர்மையாகியிருக்கும். இரைச்சலை ஒரு நிமிடம் எடுத்துப் படிப்படியாகக் குறைத்து அணையுங்கள். மெதுவாகப் பேசுங்கள். பிறகு கட்டு, கடைசியில் கண். உங்கள் உள்ளங்கையை நிழலாகப் பிடித்து, அவர் விரும்பும்போது இமையைத் திறக்கட்டும். எழுப்பி உட்காரவைத்து இரண்டு நிமிடம் கழித்து நிற்கட்டும்; சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். தண்ணீர், கொஞ்சம் இனிப்பு, போர்வை. அடுத்த அரை மணி நேரத்துக்காவது வண்டி ஓட்டக் கூடாது. காதடைப்பானைத் தூக்கி எறியுங்கள், முகமூடியைத் துவையுங்கள்.

சோர்வும் காரணமில்லாத அழுகையும் அன்றே வர வேண்டும் என்பதில்லை. ஒன்று முதல் மூன்று நாள் கழித்தும் வரும், நடத்தியவருக்கும் வரும். அதனால் மறுநாள் ஒரு நேரத்தைக் குறித்துவைத்துப் பேசுங்கள். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்ற பதில்தான் கிடைக்கும். எந்த இடத்தில் நேரம் நகராமல் இருந்தது, எந்தத் தொடுகை திடுக்கிடவைத்தது, உடம்பில் இப்போது எங்காவது மரத்திருக்கிறதா என்று குறிப்பாகக் கேளுங்கள். கடைசியாக ஒன்று: சைகை கொடுக்க நினைத்துக் கொடுக்காமல் விட்ட இடம் ஏதாவது உண்டா? "ஆமாம்" என்று பதில் வந்தால் அடுத்த முறை எதையும் கூட்ட வேண்டாம். நேரத்தைப் பாதியாக்கி, இன்னும் எளிதாகக் கொடுக்கக்கூடிய வேறொரு சைகையை வைத்து, அதே அமர்வை மறுபடியும் செய்யுங்கள்.